உடற்பயிற்சி பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி

ஜனவரி பிறந்துவிட்டால் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியின் ஜிம்களில் நிற்க இடம் இருக்காது. ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி என்று நீலாத்ரி ரோட்டில் பலகைகள் முளைக்கும். புது ஷூ, புது தண்ணீர் பாட்டில், காலை ஆறு மணிக்கு அலாரம் என்று ஏற்பாடுகள் தடபுடலாக நடக்கும். மார்ச் மாதம் எட்டிப் பார்த்தால் டிரெட்மில்கள் பல சும்மா நிற்கும். ஆரம்ப சூரத்தனம் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். சந்தா கட்டியவரும் 'எனக்கு மனஉறுதி போதாது' என்று தன்னையே நொந்துகொள்வார்.

அது அவசரத் தீர்ப்பு. உடற்பயிற்சி கசப்பதற்கு உடலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. நாம் வாழும் இடத்தின் அமைப்பிலும் காரணம் இருக்கிறது. மனஉறுதி அந்த வரிசையில் மிகவும் பின்னால் நிற்கிறது. இதைப் புரிந்துகொண்டவர், ஆசை வரட்டும் என்று காத்திருக்க மாட்டார். ஆசை அதிகம் தேவைப்படாத பயிற்சி எது என்று தேடத் தொடங்குவார்.

நாற்காலிக்காக எழுந்த ஊர்

1970களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே.பாலிகாவின் தலைமையில், கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் இந்தத் தொழிற்பேட்டையை அமைத்தது. மின்னணுத் தொழிலுக்காக உருவான இடம், பிறகு மென்பொருளின் தலைநகரங்களில் ஒன்றாகிவிட்டது. ஓசூர் எல்லை கூப்பிடு தூரம் என்பதால் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம்காரர்களுக்கு இங்கே குறைவில்லை. அலுவலகத்துக்குள்ளும் வெளியே டீக்கடையிலும் தமிழ் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கே வேலை செய்யும் ஒருவரின் நாளைக் கால்களின் பக்கமிருந்து பார்ப்போம். பி.ஜி. அறையிலிருந்து கேப் வரை சில அடிகள். கேப்பிலிருந்து லிஃப்ட் வரை சில அடிகள். பிறகு நாற்காலி. மதியம் கேன்டீன் வரை போய் வந்தால் மறுபடி நாற்காலி. இரவுச் சாப்பாட்டை டெலிவரி செய்யும் தம்பி வாசலுக்கே கொண்டுவந்து தருவார். நாள் முழுக்கக் கால்களுக்கு வேலை கொடுப்பவர்கள் அந்தத் தம்பியும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டியும், மாடி மாடியாகத் தரை துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவும்தான். 2010இல் சில்க் போர்டு சந்திப்பின் பக்கமிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்தது. அதுவும் கால்களுக்கானது அல்ல, சக்கரங்களுக்கானது.

எலெக்ட்ரானிக் சிட்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய நீரிழிவு ஆய்வில், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த ஆர்.எம்.அஞ்சனா, வி.மோகன் குழுவினர் 14,227 பேரின் உடலுழைப்பை அளந்து 2014இல் வெளியிட்டார்கள். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்த ஆய்வு அது. பாதிக்கு மேற்பட்டவர்கள், அதாவது 54 சதவீதம் பேர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் நடை, விளையாட்டு, உடற்பயிற்சி என்று எதையாவது செய்தவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. ஆக, உடற்பயிற்சியில் நாட்டமில்லாதவர் யாரும் தனி ஆள் இல்லை. இந்த நாட்டில் அவர்தான் பெரும்பான்மை.

சோம்பல் இல்லை, சிக்கனம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பரிணாம உயிரியலாளர் டேனியல் லீபர்மன் 2020இல் எழுதிய நூல் ஒன்றில் இந்த வெறுப்பின் வேரைத் தேடிப் போகிறார். மனித உடல் உழைக்கத் தகுந்தபடி உருவானதுதான். ஆனால் காரணமில்லாமல் உழைப்பதற்காக உருவானதல்ல என்பது அவர் வாதம். வேட்டையாடி, கிழங்கு தோண்டிப் பிழைத்த காலத்தில் அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லை. வீணாக ஓடிச் சக்தியைச் செலவழித்தவருக்குப் பஞ்சத்தில் கையிருப்பு இருந்திருக்காது. அன்றைய மனிதர் இரண்டு காரணங்களுக்காக உடலை வருத்தினார்: வேறு வழியில்லை என்பதற்காக, அல்லது செய்வதில் சுகம் இருந்தது என்பதற்காக. மற்ற நேரத்தில் உட்கார்ந்துதான் இருந்தார்.

நம் ஊர்ப் பழக்கங்களைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். இளவட்டக்கல்லைத் தூக்கியவர் தோள் தசையை வளர்க்க வேண்டும் என்று தூக்கவில்லை. ஊர் பார்க்கிறது, பெண் வீட்டார் பார்க்கிறார்கள் என்றுதான் தூக்கினார். கும்மியடித்த பெண்கள் இதயத் துடிப்பை எண்ணிக்கொண்டு அடிக்கவில்லை. கிணற்றில் நீர் இறைத்ததும், களத்துமேட்டில் நெல் அடித்ததும் பிழைப்பு. காரணம் எப்போதும் உடலுக்கு வெளியே இருந்தது. அந்தக் காரணங்களையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் உழைப்பை மட்டும் இயந்திரத்தின் மேல் நின்று செய்யச் சொன்னால், மூளை முரண்டு பிடிக்கத்தானே செய்யும்?

முரண்டு பிடிப்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். போரிஸ் ஷெவால் என்ற ஆய்வாளரின் குழு, 2018இல் வெளியான ஆய்வில், 29 இளைஞர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, உழைப்பைக் காட்டும் படங்களையும் ஓய்வைக் காட்டும் படங்களையும் திரையில் காட்டியது. ஓய்வுப் படத்தைவிட்டு விலக வேண்டியிருந்தபோது மூளை கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருந்தது. சோபாவை விட்டு எழுவதற்கு மூளை தனியாக ஒரு விலை கொடுக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஏழு நாடுகளில் 37,051 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு, உடற்பயிற்சி செய்பவர், செய்யாதவர் என்ற வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மரபணுக்களோடு தொடர்புடையது என்று கணக்கிட்டது. அதிகாலையில் துள்ளி எழுந்து ஓடப் போகும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் கூனிக் குறுக வேண்டியதில்லை. அவருக்கு வாய்த்தது வேறு.

கசப்பு தொடங்கும் இடம்

வெறுப்பு பொதுவாக இருந்தாலும், பயிற்சி கசக்கத் தொடங்கும் கணத்தை உடலில் சுட்டிக்காட்ட முடியும். அமெரிக்காவில் பணிபுரியும் கிரேக்க ஆய்வாளர் பான்டெலீமன் எக்கெகாகிஸ் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்துவருகிறார். மெதுவாக நடக்கும்போது தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜனை ரத்தம் தாராளமாகக் கொண்டுவந்து தருகிறது. வேகம் கூடக் கூட, ஒரு கட்டத்தில் தசையில் உருவாகும் லாக்டேட்டும் அமிலமும் ரத்தத்தில் சேரத் தொடங்குகின்றன. அதைச் சமாளிக்க மூச்சு திடீரென்று வேகமெடுக்கும். இதை மூச்சு வாசல் என்று சொல்லலாம். அந்த வாசலுக்குக் கீழே நடக்கும்போது பெரும்பாலோருக்கு இதமாகவே இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் மனநிலை சரியத் தொடங்குகிறது. மேலும் தள்ளினால் எல்லோருக்குமே கசக்கிறது.

விஷயம் இதுதான்: பல வருடம் நாற்காலியில் இருந்தவருக்கு இந்த வாசல் மிகவும் அருகில் இருக்கும். பயிற்சியாளர் 'வார்ம் அப்' என்று வைக்கும் வேகமே அவருக்கு வாசலைத் தாண்டிய வேகமாக இருக்கலாம். பக்கத்து டிரெட்மில்லில் ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடுகிறார். இவருக்கோ அதே வேகத்தில் மூச்சு வாங்குகிறது, முகம் சிவக்கிறது, எப்போது முடியும் என்று கண் திரையிலேயே இருக்கிறது. இருவரும் ஒரே பயிற்சியைச் செய்யவில்லை. முதல் நாளே இவ்வளவு கசந்தால், மறுநாள் அலாரத்தை அணைக்கும் கைக்கு நியாயம் இருக்கிறது.

வாசலைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே பேசிப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வாசலைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பைக் கேட்கிறது. நாளுக்குச் சராசரியாக 22 நிமிடம் வேகநடை போட்டாலே கீழ்வரம்பைத் தொட்டுவிடலாம். நாக்குத் தள்ள ஓடச் சொல்லி அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

கசப்புக்கு இன்னொரு காரணம், நாம் முன்கூட்டியே போடும் தப்புக்கணக்கு. மாத்யூ ரூபி, எலிசபெத் டன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்கு முன்பு அது எவ்வளவு பிடிக்கும் என்று மக்களிடம் கேட்டார்கள். முடிந்த பிறகும் கேட்டார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்றே பெரும்பாலும் பதில் வந்தது. தொடக்கத்தின் சில நிமிடங்கள்தான் சிரமம். மனம் அதையே முழுப் பயிற்சி என்று எண்ணிக்கொள்கிறது. ஈர விறகில் அடுப்பு மூட்டுவதைப் போன்றது இது. முதலில் கண்ணைக் கரிக்கும், பற்றிக்கொண்டால் நின்று எரியும். புகைக்குப் பயந்து எழுந்து போய்விடுகிறவர்களே அதிகம்.

முடிவையும் இதமாக்கலாம். 2016இல் வெளியான ஆய்வில் ஜென்கோ, எக்கெகாகிஸ், ஏரியலி ஆகியோர் ஒரு குழுவைக் கடினமாகத் தொடங்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய் முடிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு வழக்கம்போல் மெதுவாகத் தொடங்கிக் கடினமாக முடித்தது. மொத்த உழைப்பு இரு குழுக்களுக்கும் ஒப்பானதுதான். ஆனால் இறங்குமுகமாக முடித்தவர்களுக்குத்தான் பயிற்சி நல்ல நினைவாகத் தங்கியது. அடுத்த முறையும் நன்றாக இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று விரட்டுவது மறுநாளைக் கெடுக்கும்.

காசும் பரிசும் எதுவரை?

சந்தா கட்டிவிட்டால் காசுக்காகவாவது போவோம் என்பது இன்னொரு நம்பிக்கை. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்க மால்மெண்டியர் என்ற பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவைப் புரட்டினார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நான்கு முறைக்குச் சற்றே கூடுதலாகத்தான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவானது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர்தான். 2006இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே 'ஜிம்முக்குப் போகாமலிருக்கக் காசு கொடுப்பது' என்ற பொருள்பட இருந்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் மில்க்மன் இன்னொரு வழியைச் சோதித்தார். விறுவிறுப்பான நாவல்களின் ஒலிவடிவத்தைக் கொடுத்து, ஜிம்மில் மட்டுமே கேட்கலாம் என்று ஒரு குழுவுக்கு நிபந்தனை போட்டார். கதை பாதியில் நிற்கும். மீதி வேண்டுமென்றால் ஜிம்முக்கு வர வேண்டும். தொடக்கத்தில் இந்தக் குழுவின் வருகை மற்றவர்களைவிட 51 சதவீதம் கூடியது. விடுமுறை ஒன்று குறுக்கே வந்ததும் பலன் கரைந்துபோனது. இருந்தாலும் உத்தி வீணில்லை. பிடித்த தொடரையோ இளையராஜா பாடல் தொகுப்பையோ நடைக்கென்று மட்டும் ஒதுக்கிவைத்தால், கால் கதையைத் தேடியாவது வெளியே வரும்.

அவரே தலைமை தாங்கிய பெரிய சோதனை ஒன்று 2021இல் வெளியானது. அமெரிக்க ஜிம் நிறுவனம் ஒன்றின் 61,293 உறுப்பினர்களிடம் 54 வகைத் தூண்டுதல்களை நான்கு வாரம் வைத்துப் பார்த்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை வருகையைக் கூட்டின. நான்கு வாரம் முடிந்த பிறகும் பலன் தெரிந்தவை 8 சதவீதம்தான். முதலிடம் பிடித்தது எது தெரியுமா? ஒரு நாள் தவறவிட்டவர் திரும்பி வந்தால் சில காசுகள் பெறுமான பரிசு கூடுதலாகக் கொடுத்த திட்டம். விடாமல் செய்பவரைப் பாராட்டுவதைவிட, விட்டவரைத் திரும்பக் கூப்பிடுவதே பெரிய வேலை என்று இது சொல்கிறது.

பழக்கமாகிவிட்டால் ஊக்கம் தேவைப்படாது என்பது உண்மை. ஆனால் 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்குக்கு ஆதாரம் இல்லை. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நட்டம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ஒரு நாள் தவறியதும் 'எல்லாம் போச்சு' என்று மொத்தத்தையும் கைகழுவுவதுதான் நட்டம்.

திருமங்கலத்தில் ஒரு பூங்கா

இதுவரை பார்த்தவை எல்லாம் தனி மனிதரின் மனத்தைத் திருப்பும் முயற்சிகள். இடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1990களின் பிற்பகுதியில் சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வு என்ற பெயரில் வி.மோகனின் குழு இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று, திருமங்கலத்தில் நடுத்தர வர்க்கத்தினர் வாழும் ஏஷியாட் காலனி. மற்றது, தியாகராய நகரில் உழைக்கும் மக்கள் வாழும் குறைந்த வருவாய்க் குடியிருப்பு. நடுத்தர வர்க்கத்தினரிடம் நீரிழிவு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது: 12.4 சதவீதத்துக்கு எதிரே 6.5 சதவீதம். ஏஷியாட் காலனியில் வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் ஏதாவது பயிற்சி செய்தவர்கள் 14 சதவீதம்தான்.

ஆய்வின் முடிவைக் குடியிருப்போரிடமே எடுத்துச் சொன்னார்கள். உடலுழைப்பு ஏன் வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். அங்கே நின்றிருந்தால் இது இன்னொரு விழிப்புணர்வு முகாமாகப் போயிருக்கும். ஆனால் குடியிருப்போர் தங்களுக்குள் பணம் திரட்டி, காலனிக்குள்ளேயே நடப்பதற்கு ஒரு பூங்காவை உருவாக்கிக்கொண்டார்கள். பிறகு மறுபடி அளந்தபோது 14 சதவீதம் 59 சதவீதமாகியிருந்தது. 2006இல் இந்திய மருத்துவர் சங்க இதழ் ஒன்றில் இது வெளியானது.

நான்கு மடங்கு! மக்கள் மாறவில்லை, அதே வேலை, அதே குடும்பம், அதே சோம்பல். வீட்டு வாசலிலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் நிழலும், பாதையும், தெரிந்த முகங்களும் வந்தன. மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் 'வர்றீங்களா சார்?' என்று கேட்டால் மறுப்பதற்குத்தான் மனஉறுதி வேண்டியிருக்கும்.

பத்தாண்டு கழித்து அதே இரண்டு இடங்களையும் அளந்தபோது கிடைத்த பாடம் இன்னும் கனமானது. ஏஷியாட் காலனியில் நீரிழிவு 15.4 சதவீதமாகக் கூடியிருந்தது. பூங்கா நோயைத் துடைத்தெறிந்துவிடவில்லை. ஆனால் தியாகராய நகர்க் குடியிருப்பில் 6.5 சதவீதம் 15.3 ஆகிவிட்டது. உழைப்பாளர் குடியிருப்புக்கு இருந்த பாதுகாப்பு பத்தே ஆண்டில் பறிபோனது. இதற்கெல்லாம் பூங்கா ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உணவு, வருமானம், வயது என்று பலவும் இதில் கலந்திருக்கின்றன. ஆனால் இடம் மாறினால் நடப்பவர் எண்ணிக்கை மாறும் என்பதில் சந்தேகமில்லை.

விருப்பம் கேட்காத பயிற்சி

உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் பெரிய அளவில் காட்டிய ஆய்வும் பயிற்சி செய்தவர்களைப் பற்றியதல்ல. லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்குவார், ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இருவரையும் ஒப்பிட்டு 1953இல் வெளியிட்டார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வந்தாலும் உயிரிழப்பு குறைவு. மோரிஸ் அதோடு விடவில்லை. சீருடை தைத்த அளவுப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்தார். இளம் வயது ஓட்டுநர்களின் இடுப்பளவே நடத்துநர்களைவிடப் பெரிதாக இருந்தது! குண்டானவர்கள் ஓட்டுநர் வேலைக்குப் போனார்களோ என்ற சந்தேகத்தைத் தானே எழுப்பி, வேறு தொழிலாளர்களிடமும் ஆய்வைத் தொடர்ந்தார். உழைப்பின் பங்கு அப்போதும் தெரிந்தது. அந்த நடத்துநர்கள் எவரும் 'இன்று படியேற ஊக்கம் வரவில்லை' என்று சொல்லியிருக்க முடியாது. சீட்டுக் கொடுத்தாக வேண்டுமே!

பெங்களூருக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் ஆகிய நகரங்களின் ஆலைத் தொழிலாளர்களையும் அவர்கள் உறவினர்களையும் ஆராய்ந்த இந்திய இடப்பெயர்வு ஆய்வில், பெங்களூரின் பங்கு எச்.எம்.டி. ஆலை. அந்தத் தரவை வைத்து 2013இல் வெளியான கட்டுரை, வேலைக்குப் போகும் வழியைப் பார்த்தது. சொந்த வண்டியில் போனவர்களில் பாதிப் பேர் அதிக எடையுள்ளவர்கள். நடந்தோ சைக்கிளிலோ போனவர்களில் அது கால்வாசிதான். பொதுப் போக்குவரத்தில் போனவர்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். பஸ்ஸில் போவதே ஒரு பயிற்சியா என்று கேட்கலாம். பஸ் நிறுத்தம் வீட்டு வாசலில் இருப்பதில்லையே!

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அந்த வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி.ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி, கோனப்பன அக்ரஹாரா, ஹெப்பகோடி எல்லாம் இதில் வருகின்றன. சில்க் போர்டு நெரிசலுக்குப் பயந்தவர்கள் கேப்பை விட்டு ரயிலுக்கு மாறுகிறார்கள். உயரத்தில் இருக்கும் நடைமேடைக்கு ஏற வேண்டும், இறங்க வேண்டும், நிலையத்திலிருந்து அலுவலகம் வரை நடக்க வேண்டும். எஸ்கலேட்டரை விட்டுப் படியில் ஏறினால், தினமும் இரண்டு வேளைப் பயிற்சி யாரும் கேட்காமலே முடிந்துவிடும்.

அந்தச் சில படிகளால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற அலட்சியம் வேண்டாம். பிரிட்டனில் பயிற்சியே செய்யாத 25,241 பேரின் மணிக்கட்டில் அளவுக்கருவி கட்டி நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. அன்றாட வேலைகளுக்கிடையே ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்க எதையாவது நாளுக்கு மூன்று முறை செய்தவர்களிடம், அறவே அப்படிச் செய்யாதவர்களைவிட இறப்பு விகிதம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, மாடிப்படி ஏறுவது, காய்கறிப் பையோடு வேகமாக நடப்பது எல்லாம் அதில் அடக்கம். கவனித்துப் பார்த்த ஆய்வு என்பதால் எல்லாப் பெருமையும் படிகளுக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மணிக்கணக்கில் செய்தால்தான் பலன் என்ற பயம் தேவையில்லை என்று தெரிகிறது.

ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கும் மருத்துவர் வகுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து கிளம்பிய எண் அது. வயதான பெண்களிடம் ஐ-மின் லீ நடத்திய 2019 ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்குப் பிறகு கூடுதல் பலன் அநேகமாக நின்றுவிட்டது.

எடை குறையவில்லை என்று மனம் தளர்கிறவர்களுக்கும் சென்னையிலிருந்து ஒரு நற்செய்தி உண்டு. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. பலன் மட்டும் வந்தது. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் துணையில்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எடை மேடைக்கு அது தெரியாது.

இனி செய்ய வேண்டியது

தனி ஒருவர் செய்யக்கூடியவை எளியவை. பேசிக்கொண்டே போகும் வேகத்தில் தொடங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீனிலிருந்து நேரே நாற்காலிக்குப் போகாமல் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். போனில் நடக்கும் மீட்டிங்கை நடந்துகொண்டே பேசுங்கள். கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் போங்கள். கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஷட்டில் பிடித்தால் ஷட்டில், நடனம் பிடித்தால் நடனம். நடை பழகிய பிறகு, வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், இதய நோய் உள்ளவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆனால் பாதிப் பொறுப்பு நம் கையில் இல்லை. லான்செட் குழும இதழில் 2024இல் வெளியான கணக்கின்படி, 2022இல் இந்தியப் பெரியவர்களில் 49.4 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். அந்த வித்தியாசத்தை மனஉறுதியால் விளக்க முடியாது. விடியற்காலையில் அடுப்படி, மாலையில் பிள்ளைகளின் படிப்பு, இரவில் விளக்கில்லாத தெரு. எந்த ஊக்கப் பேச்சும் தெருவிளக்கை எரியவைக்காது.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஒரு வசதி இருக்கிறது. 2013 முதல் எல்சிட்டா என்ற தனித் தொழில்நகர ஆணையம் இதன் உள்பகுதியை நிர்வகிக்கிறது. சொத்து வரியும் அதுவே வசூலிக்கிறது. மெட்ரோ நிலையத்திலிருந்து ஒவ்வொரு அலுவலக வாசல் வரையிலும் உடையாத நடைபாதையும் நிழல்தரும் மரமும் இரவு முழுக்க விளக்கும் வேண்டும் என்று அங்கே கேட்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் அலுவலக நிர்வாகிகளும் மாடிப்படிகளுக்கு வெளிச்சமும் காற்றும் கொடுத்து, அவற்றின் மூலையில் போட்டிருக்கும் பழைய நாற்காலிகளை அப்புறப்படுத்தலாம். ஜிம்முக்குப் புதிய இயந்திரம் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அடுத்த ஜனவரியில் சந்தா கட்டப்போகிறவர்கள் கட்டட்டும். ஜிம்மில் சுகம் காண்பவர்களுக்கு அது நல்ல இடம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஷூ வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு ஒரு நிலையம் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். நடைபாதை இருந்தால் நடங்கள். இல்லையென்றால் உங்கள் சங்கத்தின் பெயரில் எல்சிட்டாவுக்கு ஒரு மனு எழுதுங்கள்.